கேம்பர் இழுக்க எந்த பிரேக் கன்ட்ரோலர்? நான்கு வகைகளும் ஓர் அலசலும்

கேம்பர், அதாவது வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீடு, வாங்கப் போகும்போது படுக்கை எத்தனை, ஃப்ரிட்ஜ் எவ்வளவு பெரிது, சோலார் பேனல் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அதை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வருகிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ முதல் கேம்பரை வாங்கி, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் எஸ்யூவியிலோ மினிவேனிலோ மாட்டி இழுக்க நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஒன்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் எல்லை 3,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய அதே எடை. கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கே வாழ்கிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எந்த மாநிலங்கள் வழியாகப் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் கேரவன் இழுப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே கார் வேகம் குறையும்போது பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும் விசையே அதன் பிரேக்கை இயக்கிவிடும். வட அமெரிக்க கேம்பர்களில் இருப்பது மின்சார டிரம் பிரேக். சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் பிரேக் ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளும். வழக்கமான 10, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தம் முழு விசையில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் 12 ஆம்பியர். எப்போது, எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று முடிவு செய்யும் பெட்டிதான் பிரேக் கன்ட்ரோலர்.

எல்லா வகைகளையும் நான் இரண்டு தருணங்களை வைத்துத்தான் எடைபோடுகிறேன். ஒன்று, நெரிசலில் ஊர்ந்து போகும்போது பிரேக்கை லேசாகத் தொடுவது. இன்னொன்று, நீண்ட இறக்கத்தில் பெரிய லாரி கடந்து போன காற்றில் கேம்பர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும் அந்த நொடி. திரையின் அழகும் ஆப்பின் வசதியும் இவற்றுக்குப் பிறகுதான்.

நேரக் கணக்கு வகை

டைம் டிலேட் என்று விற்கப்படுவது இது. பிரேக் லைட் எரிந்தது என்ற ஒரே தகவல்தான் இதற்குத் தெரியும். நீங்கள் மெதுவாக மிதித்தீர்களா, எட்டி உதைத்தீர்களா என்பது தெரியாது. முன்கூட்டியே அமைத்த வேகத்தில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அமைத்த உச்சத்தில் நிறுத்தும். எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் பொருத்தலாம். விலையும் அடுத்த வகையில் ஏறக்குறைய பாதிதான்.

நெரிசலில் இதன் குறை உடனே தெரியும். சிக்னலை நோக்கி மெல்ல உருளும்போது பிரேக்கில் காலைச் சில வினாடி வைத்திருந்தாலே டிரெய்லர் முழு விசையில் பிடித்து வண்டியைப் பின்னால் இழுக்கும். இதைத் தவிர்க்க ஏற்றத்தின் வேகத்தைக் குறைத்து வைத்தால், அவசர பிரேக்கின்போது டிரெய்லர் தாமதமாகப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய இதில் வழியே இல்லை. பக்கத்து ஏரிக்கரைக்கு வருடத்துக்கு இரண்டு தடவை சின்ன டிரெய்லர் இழுப்பவருக்குப் போதும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகப் போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

விகித வகை

ப்ரபோர்ஷனல் எனப்படும் இந்த வகையில் வண்டி எவ்வளவு வேகமாக வேகம் இழக்கிறது என்பதை அளக்கும் சென்சார் உள்ளே இருக்கிறது. மெதுவாக மிதித்தால் டிரெய்லரும் மெதுவாகப் பிடிக்கும், அழுத்தி மிதித்தால் அதுவும் அழுத்திப் பிடிக்கும். டெகோன்ஷா வாயேஜர் போன்ற பழைய மாடல்களில் ஊசல் ஒன்று இருந்ததால் கிடைமட்டமாகச் சமன் செய்துதான் பொருத்த வேண்டும். அதே நிறுவனத்தின் ப்ராடிஜி பி3 போன்றவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. பொருத்திய கோணத்தை அதுவே புரிந்துகொள்ளும். சின்னத் திரையில் பழுதையும் எழுத்திலேயே காட்டும்.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பனி உறைந்த இறக்கத்தில் முன் வண்டியின் சக்கரங்கள் வழுக்கினால் வேகம் சரியாகக் குறையாது. வேகம் குறையவில்லை என்பதால் சென்சாரும் டிரெய்லருக்குக் கொஞ்சம்தான் மின்சாரம் அனுப்பும். மிகவும் தேவைப்படும் இடத்தில் உதவி குறைகிறது. அந்த நேரத்தில், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க கன்ட்ரோலரில் இருக்கும் நெம்பைத்தான் நம்ப வேண்டும். ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க் நிறுவனம் டோ-ப்ரோ எலைட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தானியங்கி முறையோடு, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் குமிழைத் திருகி வைத்த அளவுக்கே டிரெய்லர் பிடிக்கும் இன்னொரு முறையும் அதில் உண்டு. மண், சரளை, வழுக்கும் தரை ஆகியவற்றில் இரண்டாவது முறை கைகொடுக்கும். பெட்டி டேஷ்போர்டுக்குள் மறைந்துவிடும், குமிழ் மட்டும்தான் வெளியே தெரியும். கால்முட்டி இடிக்காது என்பது எஸ்யூவி ஓட்டுபவருக்குச் சின்ன விஷயம் அல்ல.

வண்டியோடு வருவது

ஃபோர்டு 2005 சூப்பர் டியூட்டி பிக்கப்பில் தொழிற்சாலையிலேயே கன்ட்ரோலரைப் பொருத்தித் தரத் தொடங்கியது. பிறகு ஜிஎம், ராம் பிக்கப்களிலும் வந்துவிட்டது. வேகம் குறையும் வரை இது காத்திருப்பதில்லை. பிரேக் குழாயில் ஏறும் அழுத்தத்தையே படிக்கிறது, அதனால் கால் மிதித்த கணத்திலேயே டிரெய்லருக்குச் செய்தி போய்விடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோடும் பேசும். டிரெய்லர் இணைப்பு கழன்றால் டேஷ்போர்டில் எச்சரிக்கும். டிரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதியோடு வரும் வண்டிகளில் ஆட்டம் தொடங்கியதும் டிரெய்லர் பிரேக்கைத் தானே தொடவும் செய்யும்.

அடுத்து பிக்கப் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வசதி உள்ளதையே பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு சேர்ப்பது சில மாடல்களில் முடியும், ஆனால் செலவும் அலைச்சலும் அதிகம். என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் டொயோட்டா சியன்னா போல 3,500 பவுண்டு வரை மட்டும் இழுக்கும் குடும்ப வண்டி வைத்திருப்பவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. அவருக்கு நல்ல விகித வகைப் பெட்டிதான் சரி.

வயர் இல்லாதது

கர்ட் எக்கோ போன்றவை டிரெய்லர் பிளக்குக்கும் வண்டியின் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகப்படுபவை. அமைப்புகளை ப்ளூடூத் வழியாக ஃபோனில் மாற்றலாம். டேஷ்போர்டில் துளை போட வேண்டாம், குத்தகை வண்டியிலும் பயன்படுத்தலாம், நண்பரின் டிரக்கில் இழுத்தால் இதையும் எடுத்துப் போகலாம். உள்ளே விகித சென்சாரே இருப்பதால் நெரிசல் தேர்வில் நன்றாகத் தேறுகிறது.

எனக்கு இடிப்பது இரண்டாவது தருணம்தான். கேம்பர் ஆடும்போது முன் வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்க வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் கேம்பர் நேராகும். அந்த நொடியில் ஃபோன் திரையில் பட்டனைத் தேட முடியாது. கண்ணால் பார்க்காமல் விரல் போய்ச் சேரும் இடத்தில் நெம்போ பட்டனோ இருந்தாக வேண்டும். வயர் இல்லாத வகையை வாங்குவதானால், தனியாக ஒட்டிவைக்கும் பட்டனோ கைக் கருவியோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். இன்னொன்று: கேம்பர் அடிக்கடி ஆடினால் குற்றம் கன்ட்ரோலரில் இருக்காது. கொக்கியின் மேல் விழும் எடை, டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயரிங், அப்புறம் சரிசெய்தல்

விளக்குகளுக்கு மட்டுமான தட்டை 4-பின் பிளக் உள்ள வண்டியில், டேஷ்போர்டில் பொருத்தும் வகையோ எக்கோ போன்றதோ, எதுவானாலும் பிரேக்குக்கான மின்சாரமும் போகும் 7-பின் சாக்கெட் தேவை. இழுப்பதற்கான வசதிகளோடு (டோ பேக்கேஜ்) வந்த பல டிரக்குகளில் டேஷ்போர்டுக்கு அடியில் பிளக் தயாராக இருக்கும், அந்த மாடலுக்கான இணைப்பு வயரை வாங்கிச் செருகினால் முடிந்தது. இல்லாவிட்டால் நான்கு வயர். கறுப்பு பேட்டரியின் பாசிட்டிவுக்கு, வெள்ளை நெகட்டிவுக்கு, சிவப்பு பிரேக் லைட் சுவிட்சுக்கு, நீலம் பின்னால் டிரெய்லருக்கு. கறுப்பு வயரை ஃப்யூஸ் பெட்டியில் எங்காவது ஒட்டுப்போடாமல், சர்க்யூட் பிரேக்கர் வழியாக பேட்டரியிலிருந்தே இழுங்கள். நீல வயர் மெல்லியதாக இருந்தால் காந்தத்தைச் சேர்வதற்குள் வோல்ட் இறங்கிவிடும், எவ்வளவு நல்ல பெட்டியும் சோடையாகத் தெரியும்.

எந்த வகை வாங்கினாலும் பலர் தவறவிடுவது விசையைச் சரிசெய்வதைத்தான். கெய்ன் என்று எழுதியிருக்கும். ஆளில்லாத, காய்ந்த, சமதளச் சாலையில் கேம்பரோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். காலால் பிரேக் மிதிக்காமல் கை நெம்பை முழுவதும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் சுழலாமல் இழுபட்டால் கெய்னைக் குறையுங்கள், பிடிப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்றுக் கீழே இருப்பதே சரியான அளவு. இதை மிக மெதுவான வேகத்தில் செய்து பார்க்காதீர்கள். வண்டியோடு வரும் சில கன்ட்ரோலர்கள் குறைந்த வேகத்தில் விசையைத் தாமே குறைத்துவிடும். அதை நம்பிக் கூட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இந்த அளவு நிலையானதும் அல்ல. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் மாறும், மழை பெய்தால் மாறும், சரளைச் சாலையில் குறைக்க வேண்டும். பூஸ்ட் என்ற வசதி பிரேக் தொடும் ஆரம்ப விசையைக் கூட்டுவது. இழுக்கும் வண்டியைவிடக் கேம்பரின் எடை அதிகம் என்றால்தான் அது தேவைப்படும், மற்றவர்கள் முதலில் அணைத்தே வைத்துப் பார்க்கலாம்.

கெய்னை உச்சத்துக்கு ஏற்றியும் பிடிப்பு போதவில்லையா? பெட்டியை மாற்ற ஓடாதீர்கள், டிரம்மைப் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளாத பிரேக்குகளில் முதல் 300 கிலோமீட்டர் வாக்கிலும், பிறகு 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். புதுக் கேம்பரில் ஷூவும் காந்தமும் தேய்ந்து படியும் வரை பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும்.

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹவர் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும்போது சரிவு சில இடங்களில் 7 சதவீதம். அந்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி, எந்தக் கன்ட்ரோலரும் உதவாத நிலை வந்துவிடும். மேலேயே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை விட்டு விட்டுப் பயன்படுத்த வேண்டும்.

கொக்கி கழன்று கேம்பர் தனியே போய்விட்டால் நிறுத்துவது கன்ட்ரோலரின் வேலை அல்ல. கேம்பரின் முன்பக்கம் இருக்கும் பிரேக்அவே சுவிட்ச், கேம்பரின் சொந்த பேட்டரியிலிருந்து முழு விசையில் பிரேக் பிடிக்க வைக்கும். அதன் ஊசியை இழுக்கும் கம்பியைச் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டாமல் வண்டியின் உடலில் தனியாக மாட்டுங்கள். சுவிட்சைச் சோதிக்கும்போது 7-பின் பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஊசியை இழுக்க வேண்டும். மாட்டியபடியே இழுத்தால் கேம்பர் பேட்டரியின் மின்சாரம் நீல வயர் வழியாகத் திரும்பி வந்து, வாங்கிப் பொருத்திய கன்ட்ரோலரையே கெடுத்துவிடக்கூடும்.