ஐந்துக்கு மூன்றரை: பெங்களூருவில் ஒரு கருத்தரிப்பு மையம்

பெயரைச் சொல்லப் போவதில்லை. அல்சூரில் மெட்ரோ ஏறி, இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வரும் மையம். பதினான்கு மாதங்களாகப் போய் வருகிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்; எந்த ரசீதையும் வரி வரியாகப் படிக்காமல் பணம் கட்ட மாட்டேன். என் கணவருக்கு அதில் கூச்சம்.

கரு ஆய்வகத்தைக் குறை சொல்ல முடியாது. முட்டை எடுத்தபின் முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று சொன்ன நேரத்தில் அழைத்தார்கள். 9 முட்டைகள், 6 கருவுற்றன, ஐந்தாம் நாளில் 3 நின்றன. ஒன்றுக்கும் பூச்சு வார்த்தை இல்லை. ஊசி போடும் செவிலியர் கிருஷ்ணகிரிப் பெண். "அக்கா, மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், விடுங்கள்" என்பார். உண்மையாகவே வலி குறைகிறது. காத்திருப்பு மட்டும் கொடுமை. எட்டரைக்கு வரச் சொல்லி, பதினொன்றுக்குத்தான் உள்ளே அழைப்பார்கள்.

என் சிக்கல் கர்ப்பப்பையின் உள்சவ்வு, எங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சொல்லும் 'லைனிங்'. நான்கு வருடங்களுக்கு முன் கரு கலைந்தபோது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் 'டி அண்ட் சி' செய்தார்கள். அதன் பிறகு அது வளரவே இல்லை. மாதவிலக்கு தொடங்கிய பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று கோடுகளாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே மங்கலான கீற்று. இரு முனையிலும் புள்ளி வைத்து அளந்தார்: 5.8 மில்லிமீட்டர். 7 ஆவது இருந்தால்தான் கருவை வைக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் ஆலோசனை மேசையில் இருந்த பெண் பளபளப்பான துண்டறிக்கையை நீட்டினார். 'கர்ப்பப்பை ஸ்டெம் செல் புத்துயிர்ப்பு', 85,000 ரூபாய். "வெளிநாட்டில் நிரூபித்த சிகிச்சை, அக்கா."

அன்றிரவு தூங்காமல் படித்தேன். அடிப்படை உண்மைதான். மாதவிலக்கில் உதிர்வது மேலடுக்கு. அடியில் ஒட்டி நிற்கும் அடுக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் புதுச் சவ்வு எழும்புகிறது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இது சுமார் 400 முறை நடக்கும். அந்த அடி அடுக்கில் ஸ்டெம் செல்கள் (பிரிந்து பெருகிப் புதுத் திசுவை உருவாக்கும் மூல செல்கள்) போல நடந்துகொள்ளும் செல்கள் இருப்பதை ஆஸ்திரேலியாவில் கரோலின் கார்கெட்டின் குழு 2004இல் காட்டியது. டி அண்ட் சியில் ஆழமாகச் சுரண்டினால் அந்த அடுக்கும் போய்விடும். என் கதை அதுவாக இருக்கலாம்.

துண்டறிக்கை குறிப்பிட்டது இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வை. அங்கே ஜான் பிரோசன்ஸ் குழு சொன்னது வேறு: தொடர்ந்து கரு கலையும் பெண்களின் உள்சவ்வில் ஸ்டெம் செல்கள் குறைவாக இருந்தன. 2020இல் வெளியான ஆய்வில் 38 பெண்களில் ஒரு பகுதியினருக்கு என் அப்பா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான சிட்டாகிளிப்டினையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சிட்டாகிளிப்டின் சாப்பிட்டவர்களிடம் அந்தச் செல்கள் கூடின. சிறிய முன்னோட்டம், அதுவும் கருச்சிதைவு பற்றியது. என்னைப் போல் மெல்லிய சவ்வில் கருவைப் பதிய வைப்பதை அது ஆராயவில்லை.

மறுநாள் ஆலோசனை மேசைப் பெண்ணிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: "எந்த செல்லை, எங்கிருந்து எடுப்பீர்கள்?" உங்கள் கையில் ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, உள்ளே விடுவோம் என்றார். அப்படிப் பிரித்தால் கிடைப்பது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள். தட்டணுவில் உட்கருவே கிடையாது, ஸ்டெம் செல் போலப் பிரிந்து பெருகாது. அதற்கு ஸ்டெம் செல் என்று பெயர் வைப்பது மோருக்கு நெய் விலை போடுவது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் முறையும் உண்டு, அது 'கூடுதல் கட்டணம்' என்றார். 2014இல் வெளியான ஆய்வில் டெல்லி எய்ம்ஸில் 6 பெண்களுக்கு அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள், ஆறே பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்றம் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை அனைத்தும் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும், பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வின் பதிவு எண் கேட்டேன். அந்தப் பெண் மேலாளரை அழைத்தார். மேலாளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

டாக்டரிடமே போனேன். துண்டறிக்கையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "ஆதாரம் இன்னும் போதாது, வேண்டாம்" என்றார். ஹிஸ்டரோஸ்கோப்பியில், அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, ஒட்டிக்கிடந்த தழும்பு இழைகளை வெட்டிவிட்டார். காசநோய் இருக்கிறதா என்று சோதிக்கத் துளி சவ்வும் அனுப்பினார். இல்லை என்று வந்தது. இரண்டு மாதம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. அடுத்த ஸ்கேன்: 7.2, மூன்று கோடும் தெரிந்தது. நான் திரையைப் படம் பிடித்துக்கொண்டேன்.

கரு வைத்தோம், பதியவில்லை. அதற்காக நட்சத்திரம் குறைக்கவில்லை. குறைத்த ஒன்றரையில் ஒன்று துண்டறிக்கைக்கு. போன வாரமும் அதே மேசையில், அதே விலையில் இருந்தது. அரை, அந்தக் காத்திருப்புக்கு.

இன்னும் 2 கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. ஆண்டுக் கட்டண ரசீதில் தேதி தவறாக அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை போகும்போது திருத்தித் தரச் சொல்ல வேண்டும்.