ராச்செஸ்டரா, டோவரா, எந்தக் கோட்டை பிடிக்கும்?
இரண்டுமே இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கோட்டைகள். 1215-இல் கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த ராச்செஸ்டரை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் ஜான், மூலைக் கோபுரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக்கொடுத்து, 40 கொழுத்த பன்றிகளை வரவழைத்து அந்தக் கொழுப்பை வைத்தே தூண்களைக் கொளுத்த, மூலை அப்படியே சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டை போட்டார்கள், கடைசியில் பசிதான் பணிய வைத்தது. பிறகு அந்த மூலையை வட்டமாகக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் மூன்று மூலை சதுரம், ஒன்று மட்டும் உருண்டை!

டோவருக்கும் 1216-இல் அதே ஆபத்துதான். பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் வடக்கு வாசல் கோபுரம் ஒன்றைச் சுரங்கம் தோண்டிச் சாய்த்தார்கள், ஆனால் கோட்டைத் தலைவர் ஹியூபர்ட் டி பர்க்கின் வீரர்கள் பிளவை மரங்களால் அடைத்துவிட்டார்கள். அப்புறம் அந்த வாசலையே மூடியாயிற்று. பலம் என்றால் டோவர், சரி. எனக்கென்னவோ அந்த உருண்டை மூலைதான் பிடித்திருக்கிறது.