விற்கும்போது கலை, விரிசல் விட்டால் மரச்சாமான்: கேலரியில் பெஞ்ச் வாங்கிய அனுபவம்

கேலரிகளில் ஓவியங்களோடு சேர்த்து நாற்காலி, பெஞ்ச், மேசை, விளக்கு என்று ‘லிமிடெட் எடிஷன்’ போட்டு விற்கிறார்கள். அப்படி எதற்காவது முன்பணம் கொடுக்கும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நான் வாங்கியது ஒரு பெஞ்ச். வால்நட் மரத்தில் ஒரே பலகை, நல்ல அகலம். கீழே கருப்பு எஃகுச் சட்டம். அடியில் சின்னப் பித்தளைத் தகட்டில் ‘3/8’ என்று எண், அதாவது எட்டுப் பிரதிகளில் மூன்றாவது. இன்று அந்தப் பலகை நீளவாக்கில் பிளந்திருக்கிறது. அந்த எண்ணை நான் நம்பவில்லை. கேலரி கையை விரித்துவிட்டது. பேச்சு இன்னும் முடியாததால் கேலரி பெயரையும் கலைஞர் பெயரையும் இங்கே எழுதவில்லை. பெயர் கேட்டு யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

கண்காட்சியில் அந்த பெஞ்சைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பின்னால் பெரிய கேன்வாஸ், முன்னால் தாழ்வான வெள்ளை மேடை, மேலிருந்து விழும் ஒரே ஒரு விளக்கு. ‘உட்கார வேண்டாம்’ என்று ஓர் அட்டை வேறு. வீட்டுக்குக் கொண்டுபோனால் உட்காரலாமா என்று கேட்டேன். “தாராளமாக உட்காரலாம், இது ஃபங்ஷனல் ஆர்ட்” என்றார் விற்பனைப் பொறுப்பாளர். அடுத்த மூச்சில் வடிவமைப்பாளர் மார்க் நியூசனின் லாக்ஹீட் லவுஞ்ச் கதைக்குப் போய்விட்டார். அந்த அலுமினியச் சாய்விருக்கை 2015இல் லண்டன் ஏலத்தில் 24 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் அது 10 பிரதி, கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் 4 பிரதி, 1 முன்மாதிரி என்று எண்ணி முடித்த ஒன்று. எத்தனை இருக்கின்றன என்பது உலகத்துக்கே தெரியும். விலை நிற்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். எனக்கு விற்ற பெஞ்சின் கணக்கு யாருக்குத் தெரியும் என்பதுதான் இந்தப் பதிவின் பாதிப் பிரச்சினை.

எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சிற்ப வார்ப்புகளில் வந்த வழக்கம் அது. பிரான்ஸின் வரி விதிகளில் எட்டு பிரதி வரை மூலப் படைப்பு என்று கணக்கு. அதற்கு மேல் கலைஞருக்கென்று நான்கு பிரதி என்பது மரபு. இந்த ‘8 + 4’ கணக்கைத்தான் மரச்சாமான் கேலரிகளும் எடுத்துக்கொண்டன. ஆக, ‘3/8’ என்று எழுதியிருந்தால் உலகில் மொத்தம் பன்னிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வாங்குகிறவர் அப்படித்தான் புரிந்துகொள்வார். விற்கிறவருக்கும் அது தெரியும்.

பணம் முழுக்கக் கட்டிய பிறகு தொனி மாறத் தொடங்கியது. கலைப்படைப்பை அனுப்புகிற முறையே வேறு. அளவுக்குச் செய்த மரப்பெட்டி, உள்ளே நுரைத் தாங்கல், கிளம்பும்போதும் வந்து சேரும்போதும் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று படங்களோடு எழுதிய நிலை அறிக்கை, கேலரிச் சுவரிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் காப்பீடு. எனக்கு வந்தது போர்வையில் சுற்றி, பிளாஸ்டிக் ஒட்டி, வீடு மாற்றுகிறவர்கள் வண்டியில் மற்ற சாமான்களோடு. நிலை அறிக்கை கிடையாது. ஓட்டுநர் கொடுத்த தாளில் ‘மர பெஞ்ச், 1’ என்று இருந்தது. போன் செய்து கேட்டேன். “அது பர்னிச்சர்தானே, இப்படித்தான் அனுப்புவோம்” என்றார்கள்.

குளிர்சாதனம் ஓடுகிற சாதாரண அறையில்தான் வைத்திருந்தேன். வெயில் படாது, ஈரம் கிடையாது. முதலில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. மரத்தின் ரேகை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்புறம் அதில் நகம் மாட்டியது. கடைசியில் அதன் வழியே தரை தெரிந்தது.

கேலரிக்குப் படங்கள் அனுப்பினேன். முதல் பதிலில், மரம் உயிருள்ள பொருள், விரிசல் படைப்பின் இயல்பான முதிர்ச்சி, கலைப்படைப்புகளுக்கு வாரண்டி கிடையாது என்று எழுதினார்கள். சரி, கலைப்படைப்பு என்றால் கலைப்படைப்பாக ஏன் அனுப்பவில்லை, நிலை அறிக்கை எங்கே என்று கேட்டேன். இரண்டாவது பதிலில் அதே பெஞ்ச் மரச்சாமான் ஆகிவிட்டது. பயன்படுத்தியதால் வந்த தேய்மானமாம், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று என்னிடமே கேள்வி. மரச்சாமான் என்றால் பொருள் உழைக்க வேண்டாமா, மாற்றிக் கொடுங்கள் என்றேன். மூன்றாவது பதிலில் மறுபடி கலைப்படைப்பு, ‘திரும்பப் பெறுவதற்கில்லை’.

காகிதங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கண்காட்சிக் கையேட்டில் ‘அமரக்கூடிய சிற்பம்’. பில்லில் ‘பெஞ்ச், மரம் மற்றும் எஃகு’. சான்றிதழில் ‘கலைப்படைப்பு, 3/8’. வண்டித் தாளில் ‘மர பெஞ்ச், 1’. அவர்களுக்கு எப்போது எது தோதோ, அதைக் காட்டிப் பேசுவதற்கு ஒரு தாள் தயாராக இருந்தது.

இது சின்ன விஷயமில்லை. ஒரு பொருள் கலையா சாமானா என்பதைப் பொறுத்துத்தான் வரி, காப்பீடு, வாரண்டி, பழுதுபார்க்கும் உரிமை எல்லாமே. 1926இல் பிரான்குசியின் வெண்கலப் பறவைச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, சுங்கத்துறை அதைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான்கள் கணக்கில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டது. கலை என்றால் வரியே இல்லை. நீதிமன்றம் போய் 1928இல்தான் அது கலை என்று தீர்ப்பு வாங்கினார்கள். 2010இல் ஐரோப்பிய ஆணையம், டான் ஃப்ளாவினின் டியூப்லைட் படைப்பைச் சுவர் விளக்கு என்று வகைப்படுத்தியது. பெரிய கலைஞர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பெஞ்ச் வாங்கியவர் என்ன செய்ய முடியும்? பில்லில் எழுதி வாங்கியது மட்டும்தான் கையில் நிற்கும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஸ்காட் பர்ட்டன் கல்லில் செய்த நாற்காலிகள் சிற்பமும்தான், அவற்றில் உட்காரவும் செய்யலாம், கல் தாங்கும். டொனால்ட் ஜட் சிற்பமும் செய்தார், மேசை நாற்காலியும் செய்தார். ஆனால் தன் நாற்காலியைக் கலை என்று சொல்ல அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டையும் பிரித்தே வைத்தார். இருவர் வழியும் வேறு, இரண்டுமே நேர்மையானவை. உட்காரச் சொல்லி ஒரு பொருளைச் செய்கிறவர் உட்காரும்படி செய்திருக்க வேண்டும். என் பெஞ்சில் அந்த அடிப்படை வேலையே நடக்கவில்லை. அது எனக்குத் தெரியவந்தது பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் ஒரு நிபுணர் மூலமாகத்தான். ‘நிபுணர் அறிக்கை அனுப்புங்கள்’ என்று கேட்டதும் கேலரிதான்.

அவர் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்த உடனேயே காரணத்தைக் காட்டிவிட்டார். மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். அரை மீட்டர் அகலப் பலகை காற்றில் ஈரம் குறைந்தால் சில மில்லிமீட்டர் சுருங்கும். எஃகுச் சட்டம் சுருங்காது. அதனால் பலகையைச் சட்டத்தில் பூட்டும்போது திருகுத் துளையை நீளமாக வெட்டுவார்கள்; மரம் அசைய அசைய திருகும் அதில் நகரும். தச்சு வேலை பழகுகிற பையனுக்கே இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள் என்றார் அவர். என் பெஞ்சின் சட்டத்தில் எல்லாத் துளையும் திருகின் அளவுக்கே கச்சிதமான வட்டம். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்க, நடுவில் மரம் இழுபட்டு, ரேகை பலவீனமாக இருந்த இடத்தில் கிழிந்திருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் கிழிந்திருக்கும். காப்பீட்டிலும் வழியில்லை. பொருளுக்குள்ளேயே இருக்கிற குறையால் வரும் சேதம் என்று சொல்லி, அதை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

திருகுகளைக் கழற்றிக் குறுக்குச் சட்டத்தைத் தூக்கியபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சட்டம் மறைத்திருந்த இடத்தில், தச்சர் பென்சிலில் ‘17’ என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது.

எட்டும் நான்கும் பன்னிரண்டு. பதினேழு எங்கிருந்து வந்தது? கேலரியிடம் கேட்டேன். பட்டறைக்காரர்களின் பலகைக் கணக்கு என்றார்கள். இருக்கலாம். மரக்கடையில் அடுக்கிய பதினேழாவது பலகையாகவும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் எடிஷன் பதிவேட்டைக் காட்டுங்கள், எந்த எண் எப்போது முடிந்தது என்று தெரிந்தால் போதும், வாங்கியவர்கள் பெயரை மறைத்துவிடுங்கள் என்றேன். அந்த மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. பதிவேடு இருக்கிற கேலரிக்கு அதைக் காட்டுவது ஒரு நிமிட வேலை.

தேடிப் பார்த்ததில், அதே பெஞ்ச் கருக்கிய ஓக் மரத்தில் ‘1/8’ என்று வேறொரு கண்காட்சியின் பட்டியலில் இருக்கிறது. சற்றே குட்டையாக, ‘6/8’ என்று மற்றொன்றில். மரத்தை மாற்றினால் புது எடிஷன், அளவை மாற்றினால் புது எடிஷன். இப்படிப் போனால் எட்டு எட்டாக எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். வில்லியம் எகிள்ஸ்டனின் லிமிடெட் எடிஷன் புகைப்படங்களை வாங்கிய ஒரு சேகரிப்பாளர், அதே படங்களைக் கலைஞர் பெரிய அளவில் புதிதாக அச்சிட்டு விற்றதற்காக 2012இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். வேறு அளவு, வேறு அச்சு முறை, ஆகவே அது வேறு எடிஷன் என்று சொல்லி அடுத்த ஆண்டே வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். எனவே ‘8’ என்று சான்றிதழில் இருந்தால் போதாது. இந்த வடிவத்தில், எந்த மரத்திலும் எந்த அளவிலும் எந்த நிறத்திலும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று எழுதி வாங்க வேண்டும். எழுத மறுத்தால் அந்த எண்ணுக்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பழுதுபார்க்கலாம் என்றால் அதிலும் முட்டுக்கட்டை. கலைஞர் அனுமதி இல்லாமல் கை வைத்தால் சான்றிதழ் செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். இது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்கக் கலைஞர் கேடி நோலண்ட் 1990இல் மரக்கட்டைகளால் செய்த குடில் முகப்பு ஒன்று ஜெர்மனியில் பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்று உளுத்துப்போனது. கட்டைகளை மாற்றினார்கள். 2014இல் அது கைமாறியபோது, தன்னைக் கேட்காமல் மாற்றியது இனி தன் படைப்பே அல்ல என்று அவர் சொல்லிவிட்டார். வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது. மரத்தில் செய்த கலையை வாங்குகிறவர்கள், உடைந்தால் யார் சரிசெய்வது, எத்தனை நாளில், யார் செலவில், சரிசெய்த பிறகு சான்றிதழ் நிற்குமா என்பதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு கேட்டால் எனக்கு வந்த மாதிரி மழுப்பல் பதில்கள்தான் வரும்.

வாங்குவதற்கு முன்பு கேலரியிலேயே குனிந்து அடியில் பாருங்கள். சங்கடப்பட வேண்டாம், ஓவியத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வதில்லையா? சட்டமும் பலகையும் சேரும் இடத்தில் துளை நீளமா, வட்டமா என்று பார்த்தாலே செய்தவருக்கு மரம் தெரியுமா என்பது தெரிந்துவிடும். எண் தகட்டில் மட்டும் இருக்கிறதா, மரத்திலேயே பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகட்டை யாரும் கழற்றி வேறொன்றில் மாட்டலாம். பில், சான்றிதழ், அனுப்பும் தாள் மூன்றிலும் பொருளுக்கு ஒரே வர்ணனை இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நல்ல கேலரிகள் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. கேட்காமலேயே நிலை அறிக்கை அனுப்புகிற இடங்களும் உண்டு.

என் பெஞ்ச் இப்போது சுவரோரம் பிரித்து வைத்தபடி இருக்கிறது. கேலரி கடைசியாகச் சொன்னது, அடுத்த கண்காட்சியில் வேறெதையாவது எடுத்துக்கொண்டால் கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம் என்று. மறுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது முழுப் பணம், இல்லையென்றால் சரியாகப் பூட்டிய புதுப் பலகையும் பதிவேட்டின் நகலும்.

அகலமான வால்நட் பலகை, கருப்பு எஃகுச் சட்டம், அடியில் பித்தளைத் தகடு. இப்படி ஒரு பெஞ்ச் உங்களிடமும் இருந்தால், இப்போதைக்குத் திருகைக் கழற்றாதீர்கள், சான்றிதழைக் காரணம் காட்டுவார்கள். பிளவு இருக்கிறதா என்று பாருங்கள், தகட்டு எண்ணையும் துளைகளையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே கழற்றியவர்கள் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் பென்சில் எண் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இன்னொரு பெஞ்சிலும் பன்னிரண்டுக்கு மேல் ஓர் எண் இருந்தால், பதிவேட்டைக் கேட்டு எல்லோரும் சேர்ந்தே கடிதம் அனுப்பிவிடலாம்.