அரக்கு கலர் கேட்டா கத்தரிக்கா கலர் வருதா? மக் பிரிண்ட்ல கலர் சரியா வர எந்த வழி தேறும்

போன தை மாசம் ஒரு கல்யாண ஆர்டர், 40 மக். பொண்ணு அரக்கு கலர் பட்டுப்புடவை, ஸ்கிரீன்ல அம்சமா இருந்துச்சு, மக்ல அடிச்சுப் பாத்தா கத்தரிக்கா கலர். பொண்ணோட மாமா ஒரு மக்கைத் தூக்கிப் பாத்துட்டு "என்ன தம்பி, முகூர்த்தப் புடவையையே மாத்திட்டீங்க"ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, ஆனா 40 மக்கும் என் தலையில. அதுக்கப்புறம்தான் கலர் சரி பண்ண இருக்கிற வழி ஒவ்வொண்ணையும் உக்காந்து போட்டுப் பாத்தேன்.

முதல் வழி, மக் பிரிண்ட் பண்ற நம்மள்ல பாதிப் பேர் பண்றது, பிரிண்டர் டிரைவர்ல (கம்ப்யூட்டர்ல இருந்து பிரிண்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) கலர் ஸ்லைடரை இழுக்கிறது. எப்சன் எல்3250 பிரிண்டர்ல சப்ளிமேஷன் இங்க் (பேப்பர்ல அடிச்சு சூட்டுல அழுத்துனா மக்ல ஏறிக்கிற மை) ஊத்தி ஓட்டுறோம், ஆனா பிரிண்டருக்கு அது தெரியாது, உள்ள எப்சன் இங்க்தான் இருக்குன்னு நெனச்சு அதுக்கேத்த கணக்குல தெளிக்குது, அதான் கருப்பு பச்சையடிக்குது, நீலம் ஊதா ஆகுது, மூஞ்சி செவந்து போகுது. மெஜந்தாவைக் கொறைச்சா ஒரு போட்டோ சரியாகும், அடுத்த போட்டோவுல உதடு வெளுத்துப் போகும், ஏன்னா ஸ்லைடர் எல்லாக் கலரையும் சேத்து இழுக்குது. ஒரே டிசைனைத் திரும்பத் திரும்ப அடிக்கிறவங்களுக்கு ஓகே, போட்டோ மக் பண்றவங்களுக்கு வேலைக்கே ஆகாது.

ரெண்டாவது, இங்க் விக்கிறவங்க சும்மா குடுக்கிற ஐசிசி ப்ரொபைல். இந்த பிரிண்டர், இந்த இங்க், இந்த பேப்பர், இந்தச் சூடு, இதுல எந்த நம்பர் அனுப்புனா என்ன கலர் வருதுன்னு எழுதி வச்ச ஃபைல் அது. காசு கெடையாது, ஆனா போடுற விதத்துலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. போட்டோஷாப் பிரிண்ட்ல 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' வச்சு ப்ரொபைலைத் தேர்ந்தெடுக்கணும், அதோட நிக்காம டிரைவருக்குள்ள போய் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வைக்கணும். இதை விட்டுட்டா போட்டோஷாப் ஒரு தடவை திருத்தும், டிரைவர் அதுக்கு மேல இன்னொரு தடவை திருத்தும், அப்புறம் "ஐசிசி எல்லாம் சும்மா"ன்னு திட்டுவோம், நானும் ஆறு மாசம் திட்டினேன். பேப்பர் வகையும் குவாலிட்டியும் ப்ரொபைல் பண்ணப்ப என்ன வச்சாங்களோ அதேதான் வைக்கணும். அப்புறம் கோரல்டிராவுல ஃபைலை சிஎம்ஒய்கேவா (அச்சு மைக்கான கலர் கணக்கு) மாத்தி அனுப்பாதீங்க, இந்த வீட்டு பிரிண்டர் டிரைவர் வாங்கிக்கிறது ஆர்ஜிபிதான் (ஸ்கிரீனோட சிவப்பு-பச்சை-நீலக் கணக்கு).

மூணாவது, நமக்குன்னே ப்ரொபைல் பண்ணிக்கிறது. நூத்துக்கணக்குல கலர் கட்டம் இருக்கிற சார்ட்டை எந்தத் திருத்தமும் இல்லாம பிரிண்ட் எடுத்து, பிரஸ் பண்ணி, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ங்கிற கலர் அளக்கிற மெஷின்ல அளக்கணும். மக் வளைவுல மெஷின் உக்காராது, அதனால கோட்டிங் பண்ண வெள்ளை டைல்ஸ்லயோ அலுமினியத் தகட்டுலயோ அடிச்சு அளப்பாங்க. ரிசல்ட் அருமையா வரும், ஆனா அடுத்த மாசம் சல்லிசா கெடைக்குதுன்னு பேப்பரை மாத்துனீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்து. இங்க், பேப்பர் ரெண்டையும் மாத்தவே மாட்டேன்னு இருக்கிறவங்களுக்குத்தான் இது.

நாலாவது, சப்ளிமேஷனுக்குன்னே கம்பெனி விக்கிற பிரிண்டர், எப்சன் ஷ்யூர்கலர் எஃப் சீரிஸ், சாகிராஸ் எஸ்ஜி500 மாதிரி. சாகிராஸ் சாஃப்ட்வேர்ல எதுல அடிக்கப் போறோம்னு சொன்னா அதுக்கேத்த ப்ரொபைலை அதுவே போட்டுக்கும், தலைவலி இல்ல. இங்க் செலவுதான் கடிக்கும். தெனமும் ஆர்டர் இருந்தா வாங்கலாம், வாரத்துக்கு பத்து மக் அடிக்கிறவங்க வேண்டாம்.

இதுல ஆறு கலர் எப்சன் எல்8050 பிரிண்டர் வாங்குனா கலர் சரியாயிடும்னு சில பேர் நெனக்கிறாங்க. லைட் சயான், லைட் மெஜந்தா இருக்கிறதால மூஞ்சில புள்ளி தெரியாம வழவழன்னு வரும், அவ்வளவுதான். ப்ரொபைல் தப்புன்னா ஆறு கலர்லயும் தப்பாத்தான் வரும்.

எந்த வழி எடுத்தாலும் சூடு ஒரே மாதிரி இருக்கணும். நான் மக் பிரஸ்ல 190 டிகிரி, 180 செகண்ட் வைக்கிறேன், உங்க மெஷினுக்கு வேற இருக்கும். கூடுனா கருப்பு பிரவுன் ஆகும், கொறஞ்சா சாயம் போன மாதிரி வெளுத்து வரும். காலையில ஜில்லுனு இருக்கிற பிரஸ்ல அடிச்ச மொத மக்கும் பத்தாவது மக்கும் பக்கத்துல வச்சுப் பாருங்க, தெரியும். பிரஸ்ஸுக்குப் பதிலா ஓவன்ல வச்சா சுத்திலும் சூடு ஒரே மாதிரி படும், கைப்பிடி ஓரம் வெளுக்கிறதும் கொறயும், நாலஞ்சு மக்கா அடிக்கிறப்ப அதுதான் பெஸ்ட்.

அந்தக் கல்யாண ஆர்டரை ரெண்டாவது வழியிலதான் திரும்ப அடிச்சேன், கூட ஒரு சின்ன வேலை. ஒரு மக் முழுக்க பன்னெண்டு அரக்குக் கட்டம், ஒவ்வொண்ணுக்கு கீழயும் ஆர்ஜிபி நம்பர், அதை பிரஸ் பண்ணி எடுத்துக்கிட்டேன். பொண்ணு வீட்ல இருந்து ரவிக்கைத் துணி வெட்டுனதுல மிச்சம் கொஞ்சம் வாங்கி, கடைக்குள்ள டியூப்லைட்ல வேற மாதிரி தெரியுதேன்னு வாசல் வெயில்ல நின்னு ஒவ்வொரு கட்டத்துமேலயும் வச்சுப் பாத்தேன். ஏழாவது கட்டத்துல துணி எது மக் எதுன்னு தெரியல. போட்டோவுல புடவையை மட்டும் செலக்ட் பண்ணி அந்த நம்பருக்கு இழுத்து 40 மக்கும் அடிச்சேன். பழைய கத்தரிக்கா மக்குல ரெண்டு என் டேபிள்ல இருக்கு, ஒண்ணுல பேனா, இன்னொண்ணுல டீ.