தினம் ஒரு குறும்படம்: ஏழு வருடப் பழக்கம்

படுக்கப் போகும் முன் அனிமேஷன் குறும்படம் ஒன்று, இல்லையென்றால் நல்ல விளம்பரம் ஒன்று. இந்தப் பழக்கத்துக்கு ஏழு வயதாகிறது. முழுப்படம் பார்க்க நேரமில்லாமல்தான் ஆரம்பித்தேன். இப்போது நேரம் இருந்தாலும் இதைத்தான் பார்க்கிறேன்.

முதல் வருடம் முழுக்க, கடைசி நொடியில் திருப்பம் வைக்கும் படங்களாகத் தேடினேன். 'அட!' என்று சொல்ல வைத்தால் போதும், பிளேலிஸ்டில் ஏறிவிடும். அப்புறம் ஒருநாள் அதே பட்டியலை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவற்றைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். விடை தெரிந்த விடுகதையை எத்தனை முறை கேட்க முடியும்?

தாக்குப்பிடித்தவை வேறு ரகம். அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் 'லக்ஸோ ஜூனியர்' (1986) இரண்டே நிமிடம். இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து. கண் கிடையாது, வாய் கிடையாது, பேச்சும் கிடையாது. ஆனாலும் எது குழந்தை என்று பார்த்த உடனே தெரிகிறது. சின்ன விளக்கை உருவாக்கும்போது இயக்குநர் ஜான் லாஸட்டர் பெரிய விளக்கை அப்படியே சுருக்கிவிடவில்லை. கைகளையும் மூடியையும் சிறிதாக்கி, பல்பை மட்டும் அதே அளவில் விட்டார். பல்பு கடையில் வாங்குவது, அது வளராது அல்லவா! இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது, பந்து உடைந்ததும் அந்தக் குட்டி தலையைத் தொங்கப்போடும் இடம் எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

விளம்பரங்களில் சிக்கல் ஒன்று உண்டு. காட்சி மனதில் நிற்கும், கம்பெனி பெயர் மறந்துபோகும். அப்படி மறக்காத ஒன்று ஹோண்டாவின் 'காக்' (2003). கார் பாகங்கள் ஒன்றையொன்று தட்டிவிட்டுக்கொண்டே போகும். பொருளே கதாபாத்திரம் என்பதால் காட்சியையும் கம்பெனியையும் பிரிக்க முடியவில்லை. ஒரே ஓட்டமாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு துண்டுகளாக எடுத்து ஒட்டப்பட்டது. இணைப்பு எங்கே என்று தேடிக்கொண்டே எத்தனையோ இரவுகள் போயின.

களிமண் அனிமேஷன் இயக்குநர் நிக் பார்க்கின் 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்' (1989) படத்தைக் காதால் பார்க்க வேண்டும். சாதாரண மக்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசியதைப் பதிவு செய்து, அந்தக் குரல்களை மிருகக்காட்சிசாலைக் களிமண் பொம்மைகளின் வாயில் வைத்தார்கள். அடுத்து அதே உத்தி மின்சாரத்துக்கான விளம்பரமாகவும் வந்தது. இங்கே சிரிப்பு பொம்மையில் இல்லை, ஒருவர் இழுத்து யோசிக்கும் 'ம்ம்'மில் இருக்கிறது. அன்றிலிருந்து பிடித்த படத்தை ஒருமுறை சத்தமில்லாமலும், ஒருமுறை கண்ணை மூடியும் ஓடவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்தான்.

கையால் வரைந்த படம் என்றால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் ஐந்து நிமிடத்துக்கு 3,600 ஓவியங்கள். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், மொக்கை என்று சட்டென ஒதுக்க மனம் வருவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் முன்பே அடுத்த வீடியோ தானாக ஆரம்பித்துவிடுகிறது. இந்த ஆட்டோபிளேயை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். விழாக்களைச் சுற்றிக்கொண்டிருக்கும் புதுப்படங்களுக்கு டிரெய்லர் மட்டும்தான் கிடைக்கும், காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, நான் காசு கட்டிப் பார்த்த ஒரு செயலி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் குறும்படப் பகுதியையே எடுத்துவிட்டது. மூன்று வருடமாகச் சேர்த்த பட்டியல் அதோடு போயிற்று. அதனால் இப்போது பெயர், வருடம், நீளம் மூன்றையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். பாதிப் பெயர்களை இன்னும் நினைவிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறேன்.