கொண்டலாம்பட்டி பக்கத்து மெக்கானிக் கடையும் என் பழைய டாடா 207-ம்

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு வேப்பமரம், அதன் கீழே நாலைந்து வண்டிகள் பானெட் திறந்தபடி நிற்கும், அவ்வளவுதான் கடை. உங்களைப் பற்றி எழுதப்போகிறேன், பெயர் போடட்டுமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "நிக்கிற வண்டியவே முடிக்க முடியல, நீங்க வேற ஏன் தம்பி" என்றார். அதனால் பெயர் போடவில்லை. வேப்பமரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். மூன்று ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. அறுவடை நேரத்தில் மூட்டையைச் சேலத்துக்கு இறக்க, வரும்போது உரமும் மளிகையும் ஏற்றிக்கொண்டு வர என்று வாடகை வண்டிக்கே கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், போன வருஷம் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2005 மாடல் டாடா 207 பிக்கப் வண்டி ஒன்றை 1,60,000 ரூபாய்க்கு எடுத்தேன். டிஎன் 30 நம்பர். எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ தரும் சான்று, இன்னும் நாலு மாதம் பாக்கி. கன்சல்டிங்காரர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், ஒரே கிராங்கில் பிடித்தது, நானும் மயங்கிவிட்டேன். இன்ஜினை முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில்தான் புரிந்தது. இருபது நிமிஷம் போராடி, பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் மூன்று பேர் தள்ளி, அப்புறம்தான் வண்டி எழுந்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறவைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

முதலில் போனது இந்தக் கடைக்கு இல்லை. நகரத்துக்குள் டைல்ஸ் போட்ட தரை, கம்ப்யூட்டர் பில் என்று இருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கறுப்புப் புகை வருகிறது, இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும், போரிங், பிஸ்டன் செட், எல்லாம் சேர்த்து 2,30,000 ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வண்டி விலையைவிட அதிகம். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லீ பஜாரில் மிளகு போடும் மண்டியில் உட்கார்ந்து புலம்பியபோதுதான் மண்டிக்காரர் இந்த வேப்பமரத்துக்கு வழி சொன்னார்.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நாலு ஸ்டார் கொடுப்பதே முதல் அரைமணி நேரத்துக்குத்தான். அண்ணன் வண்டியை ஐடிலில் ஓடவிட்டார். ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த ஓட்டையின் மேலேயே சும்மா வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூடி லேசாக ஆடியது, ஆனால் அங்கேயே இருந்தது. "ரிங்கு போயிருந்தா இது எகிறி அந்தாண்ட விழும் தம்பி. பேக் கம்ப்ரஷன் பெருசா இல்ல. இஞ்சினைத் தொட வேண்டாம்." பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிகிற வாயு கீழே கசிந்து இந்த மூடியைத் தள்ளும், அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார். அப்புறம் ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துத் தரையில் தட்டினார், அரைப்படி புழுதி கொட்டியது. கறுப்புப் புகைக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடந்தது. காற்று போதாமல் டீசல் முழுதாக எரியவில்லை. மீதிப் பாதி டீசலைப் பீய்ச்சுகிற நாசில், அதை டீசல் பம்ப் ரிப்பேர் கடையில் கொடுத்துச் சரிபார்க்கலாம் என்றார். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு பேட்டரியையோ மோட்டாரையோ சந்தேகப்படாமல், கியர்பாக்ஸ் பக்கம் இருந்த எர்த் ஒயரைத் தேடிப்போய்ப் பிடித்து இழுத்துக் காட்டினார். பச்சை பூத்துப் போய் இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒயர் மாற்ற ஆன செலவு 350 ரூபாய். பேட்டரியும் பழசுதான், அதைப் பிறகு மாற்றினேன், ஆனால் முதல் மூன்று மாதம் அதே பேட்டரியில்தான் ஓடியது.

அப்புறம் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துவந்து பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தார். தகரம் இருக்கும் இடத்தில் 'டக்' என்று ஒட்டும், பட்டி என்கிற பூச்சுப் பசை போட்டு மறைத்த இடத்தில் வழுக்கி விழும். இடது கதவின் அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு எங்கேயும் ஒட்டவில்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் ரப்பர் மேட்டைத் தூக்கினால் தகரத்துக்குப் பதில் சணல் சாக்கு, அதன் மேல் பட்டி, அதன் மேல் கறுப்பு பெயிண்ட். பழைய ஓனரின் கைவண்ணம். ஸ்குரூடிரைவரால் குத்தினார், நேராக ரோடு தெரிந்தது. நான் 1,60,000 கொடுத்து வாங்கிய வண்டி!

சரி, வேலை வரிசை. எனக்கு முதலில் பெயிண்ட் அடித்துப் பார்க்க ஆசை. அவர் கேட்கவே இல்லை. மலைக்குப் போகிற வண்டிக்கு முதலில் பிரேக், அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் டயர், தகரம், கடைசியில் பெயிண்ட், காசு தீர்ந்துபோனால் பெயிண்ட்டை விட்டுவிடலாம் என்றார். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடும். அந்த உயரத்தை அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவில் ஏறுவதைவிட லோடோடு இறங்குவதுதான் பயம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 3 என்கிற ரகத்தில் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 140-லேயே கொதிக்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். என் வண்டியிலிருந்து இறக்கிய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பின் சக்கரத்தில் இரண்டு வீல் சிலிண்டரும் கசிந்து, ஷூ முழுக்க ஆயில். ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஓஸ் எல்லாம் மாற்றி டாட் 4 ஊற்றினார், கூலியோடு 14,200 ஆனது. இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. லோக்கல் சிலிண்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்றேன். "அது தோசைக்கல்லுக்குப் போடலாம்" என்றார்.

ஆனால் வேறு இடங்களில் அவரே குறைத்தார். இடது பக்கக் கண்ணாடி, டாஷ்போர்டு மூடி, ஒரு கதவுக் கைப்பிடி மூன்றையும் காயலான் கடையில் பார்த்து எடுத்துவரச் சொன்னார், 900 ரூபாயில் முடிந்தது. பின் ஸ்பிரிங் பட்டை புதுசு வாங்கப் போன என்னைத் தடுத்து, உடைந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றி, மீதியை அடித்து வளைவு ஏற்றி, புஷ் மட்டும் புதுசு போட்டுக்கொடுத்தார். எங்கே கம்பெனி சாமான், எங்கே பழசு போதும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் புது சாமான் விற்றுக் கொடுக்கிற மெக்கானிக்குகள் நிறைய, வேண்டாம் என்று சொல்கிறவர் இவர் ஒருத்தர்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்பு அப்பியிருந்தது. இத்தனை வருஷமும் போர் தண்ணியை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், நம் பக்கத்து உப்புத் தண்ணிக்கு அது அப்படித்தான் ஆகும். ராடிங் பண்ணி (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுப்பது), ஓஸ் மாற்றி, வாட்டர் பம்ப் போட்டார், அது வரைக்கும் சரி. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டை மட்டும் திரும்பப் போடாமல் ஓரமாக வைத்துவிட்டார். "சேலம் வெயிலுக்கு இது எதுக்கு, அடைச்சுக்கிட்டா இஞ்சின் சீஸ் ஆயிரும்" என்பது அவர் கட்சி. பாதி மெக்கானிக்குகள் இதையேதான் செய்கிறார்கள். நான் விடவில்லை. மார்கழி காலையில் எங்கள் பக்கம் பனியில் எதிரே வருகிற ஆளே தெரியாது, அந்தக் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும், ஆறிப்போன இன்ஜின் டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கடைசியில் புதுசு ஒன்று வாங்கி, பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்துப் போட்டுப் பார்த்து, அது திறப்பதை அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் மாட்டினார். இப்போது கூலன்ட்டும் பாட்டில் தண்ணீரும் கலந்துதான் ஊற்றுகிறேன். போர் தண்ணி ஊற்றினால் வண்டியைத் தொடமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறார்.

கிளட்ச் பிளேட்டும் நாசில் வேலையும் சொன்னபடி முடிந்தன, அதில் கதை ஒன்றும் இல்லை.

குறை என்று பார்த்தால் முதல் குறை நாள். பன்னிரண்டு நாள் என்றார், முப்பத்தோரு நாள் ஆனது. நடுவில் அவர் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், அப்புறம் வெல்டிங் பையன் வரவில்லை, அப்புறம் ஒரு லாரி அவசரம். போன் பண்ணினால் எடுக்கமாட்டார். எடுத்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார், அந்த நாளை எந்த நாளை என்று கேட்கக்கூடாது. மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கிவந்து, வண்டி முந்தின வாரம் நின்ற அதே இடத்தில் அதே கோலத்தில் நிற்பதை இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாவது தடவை நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நேரில் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டால் மட்டும் வேலை நடக்கிறது.

இரண்டாவது, பில் கிடையாது. சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். ஆனால் கழற்றிய பழைய சாமான் அத்தனையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே வைத்திருந்தார், எதற்கு மாற்றினோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் பில் தருகிற கடையில் எனக்கு இது நடந்ததில்லை.

மூன்றாவது, அவர் போட்ட வாட்டர் பம்ப் மூன்றே வாரத்தில் சொட்ட ஆரம்பித்தது. திரும்பப் போனபோது கூலி வாங்கவில்லை, ஆனால் புது பம்ப் காசு என் கையிலிருந்துதான் போனது. சாமான் கடைக்காரனிடம் நீங்கள்தானே கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. ஒரு ஸ்டார் அங்கே போச்சு.

மொத்தச் செலவு: பிரேக் 14,200, ரேடியேட்டர் வகையறா 9,800, நாசிலும் டீசல் பம்ப்பும் 13,500, கிளட்ச் 11,000, ஸ்பிரிங் 8,700, முன் டயர் இரண்டு 13,600, ஒயரிங்கும் பிறகு மாற்றிய பேட்டரியும் காயலான் கடைச் சில்லறையும் சேர்த்து 9,400, தகர வெல்டிங்கும் எஃப்சிக்காக அடித்த பெயிண்ட்டும் 22,000. கூட்டினால் 1,02,200. டைல்ஸ் கடை எழுதிக்கொடுத்த தாளில் பாதிகூட இல்லை, அதுவும் அவர்கள் சொன்னது இன்ஜினுக்கு மட்டும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரித்தது என்று அர்த்தம். எனக்குப் 'புது டயர்' என்று முதலில் காட்டிய ஜோடி ஐந்து வருஷம் கடையில் தூங்கியது.

எஃப்சி முதல் தடவையிலேயே கிடைத்தது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுத்தாக வேண்டும், ஆக இந்தப் பஞ்சாயத்து எனக்கு ஒவ்வொரு வருஷமும் உண்டு. அதற்காகவே அண்ணன் சொன்னபடி மாதம் ஒரு தடவை கிரீஸ் அடிக்கிறேன், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஸ்பிரிங் பின் எல்லாவற்றுக்கும். கிரீஸ் கன் சொந்தமாக வாங்கிவிட்டேன். ஏர் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டுகிறேன். மழை பெய்த மறுநாள் ரப்பர் மேட்டைத் தூக்கிக் காயவைக்கிறேன், சாக்கு வைத்துப் பட்டி போட்ட அந்தப் பழைய ஓனர் இதைச் செய்திருந்தால் எனக்கு வெல்டிங் காசு மிஞ்சியிருக்கும்.

போன தை மாதம் பன்னிரண்டு மூட்டை காப்பியோடு இறங்கினேன். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அவர் கட்டளை, இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ள பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டேன். பின்னால் வந்த கார்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்தார்கள். அடிவாரத்தில் நிறுத்தி டிரம்மை மோந்து பார்த்தேன், கருகின வாடை இல்லை.

போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போங்கள், அதற்கு மேல் அவர் வண்டிக்கு அடியில் போய்விடுவார், கால் மட்டும்தான் தெரியும். கைச்செலவுக்குப் பத்தாயிரம் முன்பணம் கேட்பார், கொடுக்கலாம். ஏசி வண்டி, சென்சார் வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவரே வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். என் இடது கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் கண்ணாடி நிற்கிறது. புதுசு வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். காயலான் கடையில் வரும், பொறு என்கிறார். ஏழு மாதமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.