பெரியம்மாவுக்கு எந்த இல்லம்?
பெரியம்மாவுக்காக இலங்கையில், மட்டக்களப்பில் இரண்டு முதியோர் இல்லங்களைப் பார்த்தோம். கல்லடிப் பக்கம் இருந்தது புதுக் கட்டடம்: டைல்ஸ் தரை, பூச்சாடி, வாவிக் காற்று. ஏறாவூர்ப் பக்கம் இருந்தது பழைய ஓட்டு வீடு. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கேட்கும் பதிவு இரண்டுக்கும் இருந்தது. சரி, அதை விடுவோம்.

புது இல்லத்தில் பின்னேரம் நாலு மணிக்கும் எல்லாரும் கட்டிலில்தான். ஓர் ஆச்சியின் தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரக்கூடும். யார் புரட்டுவது என்று கேட்டேன். "எல்லாம் பாக்கிறம்" என்றார்கள். எழுதி வைத்த ஒன்றையும் காட்டவில்லை.

ஓட்டு வீட்டுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போனோம். சுவரில் ஒரு கொப்பி தொங்கியது: புரட்டிய நேரம், மருந்து, மாதாமாதம் எடை. இரவில் இரண்டு பேர் விழித்திருப்பார்களாம். ஒரு பிள்ளை மீனில் முள்ளெடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு வாய் ஆச்சி, மறுகா போதும்." மூத்திர வாடை இல்லை. ஆனால் கழிப்பறையில் பிடிகம்பி கிடையாது, வாசற்படியும் உயரம்.

கம்பியை நாங்களே பூட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.